வீடு தேடி வரும் நோய்ப் பரிசோதனை: சம்மதிக்கும் முன் அறிய வேண்டியவை

சளி மாதிரி எடுக்கும் டப்பாவோடு சுகாதாரப் பணியாளர் வாசலில் நின்றால், நம் வீடுகளில் முதலில் எழுவது அச்சம்தான். "டி.பி. என்று தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வருமா?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். 2020இல் கொரோனாவுக்காக மேலப்பாளையத்தின் தெருக்கள் அடைக்கப்பட்ட நாட்களும் நெல்லை மக்களுக்கு மறக்கவில்லை. இந்த அச்சத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் விவரம் கேட்காமலேயே கதவை அடைத்துவிடுவதும் சரியல்ல.

வீட்டில் நடந்த ஓர் ஆய்வு உலகுக்கு என்ன தந்தது என்பதற்குச் சென்னையே சான்று. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். நோயாளியை சானடோரியத்தில் ஓராண்டு சேர்க்க வேண்டுமா, வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதுமா என்பதே அன்றைய கேள்வி. ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். வீட்டுப் பிரிவினர் இட நெருக்கடியான வீடுகளில் குடும்பத்தோடு இருந்தபடியே மருந்து சாப்பிட்டார்கள். முன்னறிவிப்பின்றி வீட்டுக்கு வந்து சிறுநீர் மாதிரி எடுத்து, மருந்து உள்ளே போகிறதா என்று சோதித்தார்கள். குடும்பத்தாரையும் பரிசோதித்தார்கள்.

1959இல் முடிவு வெளியானது. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவில்லை என்பது ஐந்தாண்டு கண்காணிப்பில் தெரிந்தது. மருந்து தொடங்கியதும் தொற்றும் வேகம் விரைவில் குறைவதே காரணம். நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிக்க வேண்டியதில்லை என்று உலகம் ஏற்றது, அந்த எளிய குடும்பங்கள் ஒத்துழைத்ததால்தான்.

இன்று உங்கள் வீட்டுக்கு ஆய்வுக்குழு வந்தால் இவற்றைக் கேளுங்கள்:

• எந்த நிறுவனத்தின் ஆய்வு? நெறிமுறைக் குழு அனுமதித்திருக்கிறதா? அடையாள அட்டை எங்கே?
• என்ன மாதிரி எடுப்பார்கள், எத்தனை முறை வருவார்கள்?
• முடிவை யார் பார்ப்பார்கள்? எங்கள் பெயர் வெளியே வருமா?
• நோய் உறுதியானால் சிகிச்சைக்கு வழி செய்வார்களா?

சம்மதப் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லி, ஒரு பிரதியை வாங்கி வையுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, காரணம் சொல்லாமலேயே நடுவில் விலகலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை தடைபடக் கூடாது. சிறார்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஏழு வயது நிறைந்த பிள்ளையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும். வீட்டின் ஆண் கையெழுத்திட்டால் பெண்கள் அனைவரும் சம்மதித்ததாக ஆகாது. பெண் பணியாளரை அனுப்புமாறு கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

மார்க்க ரீதியாகக் கேட்கப்படும் ஒன்று: பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தால் நோன்பு முறியுமா? ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் முறியாது. இன்னொன்றும் கவனத்துக்குரியது. சேர்ந்தபின் இருமலை மறைத்துச் சொல்வதும், ஒருவருடைய மாதிரிக்குப் பதில் இன்னொருவருடையதைக் கொடுப்பதும் அமானித மோசடி. அந்தப் பொய்யை நம்பி நாளை யாரோ ஒருவருக்கு மருத்துவம் தீர்மானிக்கப்படும். அடுத்த வீட்டாரின் முடிவைத் தெருவில் பேசுவதும் அதே போன்றதே.

ஆய்வில் சேர்வது உங்கள் விருப்பம். பரிசோதனையும் சிகிச்சையும் அப்படித் தள்ளிப்போடக் கூடியவை அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால், பீடித் தூள்தான் காரணம் என்று இருந்துவிட வேண்டாம். பாளையங்கோட்டை அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் அரசு தருகிறது. மருந்தை முழுமையாக முடித்தால் காசநோய் குணமாகும். அந்தப் பெண்ணின் திருமணத்துக்கும் அது தடையாக நிற்காது, இன்ஷா அல்லாஹ்.