கால் மைல் ஓட்டமும் கலெக்டர் குழாயும்: டிராக் பந்தயக் கார்களின் புகைக்குழாய் வரலாறு

டிராக் பந்தயம் என்பது இரண்டு கார்கள் நின்ற நிலையிலிருந்து ஒன்றாகக் கிளம்பி, நேர்கோட்டில் கால் மைல் தூரத்தை, அதாவது 1320 அடியை, எது முதலில் கடக்கிறது என்று பார்க்கும் போட்டியாகும். இது அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் வளர்ந்த விளையாட்டு. வளைவுகள் கிடையாது, முந்திச் செல்லும் உத்திகளும் கிடையாது. நூறில் ஒரு நொடி வித்தியாசத்தில் ஒருவர் வீட்டுக்குப் போகிறார், மற்றவர் அடுத்த சுற்றுக்குப் போகிறார். ஆகவே இன்ஜினில் எங்கே சிறிது சக்தி ஒளிந்திருந்தாலும் அதைத் தேடி எடுத்தார்கள். அப்படித் தேடிய இடங்களுள் ஒன்று, பார்வைக்கு வெறும் இரும்புக் குழாயாகத் தெரியும் ஹெடரும் அதன் முனையிலுள்ள கலெக்டரும்.

சாதாரணக் காரில் எல்லாச் சிலிண்டர்களின் புகையும் ஒரு வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் முட்டி மோதிக்கொண்டு வெளியேறும். ஹெடரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி எஃகுக் குழாய் உண்டு. இவை முதன்மைக் குழாய்கள். வி-8 இன்ஜினின் ஒரு பக்கத்து நான்கு குழாய்களும் வந்து சேரும் அகலமான குழாய்தான் கலெக்டர். தமிழில் கலெக்டர் என்றதும் மாவட்ட ஆட்சியர் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. இங்கே அது வரி வசூலிப்பதில்லை, புகையை வசூலிக்கிறது.

குழாயின் நீளம் ஏன் முக்கியம்?

எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் இன்னும் மிகுதியாகவே இருக்கும். புகை வெளியே பாயும் வேகம் ஒருபுறமிருக்க, அதற்கு முன்னால் ஓர் அழுத்த அலை குழாய் வழியே ஒலியின் வேகத்தில் ஓடும். சூடான புகையில் அந்த வேகம் நொடிக்கு ஏறத்தாழ 550 மீட்டர். அலை குழாயின் திறந்த முனையை அடைந்ததும் தலைகீழாக மாறித் திரும்புகிறது: போனது தள்ளும் அலை, வருவது இழுக்கும் அலை. இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சிறு இடைவேளையில் இழுக்கும் அலை வந்து சேர்ந்தால், சிலிண்டரில் மிஞ்சிய புகையை உறிஞ்சி எடுத்துவிடும். பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கும் முன்பே புதிய கலவையும் உள்ளே வர ஆரம்பிக்கும். தவறான நேரத்தில் தள்ளும் அலை வந்தாலோ, வெளியே போன புகையே திரும்பி உள்ளே வரும்.

நிமிடத்துக்கு 7000 சுற்று ஓடும் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 8.6 மில்லி நொடி. 75 சென்டிமீட்டர் குழாயில் அலை ஒருமுறை போய்வர 2.7 மில்லி நொடி ஆகும். குழாயைப் பத்து சென்டிமீட்டர் நீட்டினால் அலை வருவது கிராங்க் சுழற்சியில் சுமார் 15 பாகை தாமதமாகிறது. கேம் ஷாஃப்டை இரண்டு பாகை முன்பின் நகர்த்துவதற்கே ஒரு மாலைப் பொழுதைச் செலவிடும் மெக்கானிக்குக் குழாயில் ஒரு சாண் என்பது சின்ன விஷயமல்ல.

கலெக்டர் வந்ததும் கணக்கு இரட்டிப்பாகிறது. முதன்மைக் குழாய் கலெக்டருக்குள் விரியும் இடத்தில் அலையின் ஒரு பகுதி திரும்புகிறது. மீதி கலெக்டரின் கடைசி முனைவரை போய்த் திரும்புகிறது. ஆகவே கலெக்டரின் விட்டமும் நீளமும் தனியாகச் சரிபார்க்க வேண்டிய இரண்டு அளவுகள் ஆயின.

ஏரிப் படுகையிலிருந்து விமான ஓடுதளத்துக்கு

1930களில் கலிபோர்னிய இளைஞர்கள் மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் கார்களை விரட்டினார்கள். 1937-ல் தென் கலிபோர்னிய டைமிங் சங்கம் உருவானது. அவர்களின் செல்ல இன்ஜின், 1932-ல் வந்த ஃபோர்டு ஃபிளாட்ஹெட் வி-8. அதில் ஒரு பக்கத்தின் நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்துப் புகை வெளியேற மூன்றே வாய்கள்தான். நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்களும் ஒரே வாயைப் பகிர்ந்துகொண்டன. அப்படிப்பட்ட இன்ஜினில் அலைக் கணக்குக்கு அதிக இடமில்லை. சைலன்சரைக் கழற்றித் தடையில்லாமல் புகையை வெளியே விடுவதே அன்றைய ஹெடரின் நோக்கம். தெருவில் ஓடும்போது மூடியிட்டும் படுகையில் மூடியைக் கழற்றியும் ஓட்டும் நீண்ட குழாய்களுக்கு ‘லேக்ஸ் பைப்’ என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

போர் முடிந்தபின் பயன்படாமல் கிடந்த விமான ஓடுதளங்கள் பந்தயக்காரர்களின் கைக்கு வந்தன. (சென்னையை அடுத்த சோழவரத்திலும் போர்க்கால ஓடுதளம் ஒன்று பின்னர் பந்தயக் களமானது.) 1950-ல் சாண்டா ஆனா விமான நிலையத்தில் சி.ஜே. ‘பாப்பி’ ஹார்ட் முதலியோர் கட்டணம் வசூலித்து டிராக் பந்தயம் நடத்தத் தொடங்கினர். 1951-ல் வாலி பார்க்ஸ், என்.எச்.ஆர்.ஏ. என்னும் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தோற்றுவித்தார். அதன் முதல் தேசியப் போட்டி 1955-ல் கான்சாஸ் மாநிலத்தின் கிரேட் பெண்ட் நகரில் தொடங்கியது. ஒரே தூரம், ஒரே வகைக் கடிகாரம், அச்சிட்ட நேரச்சீட்டு ஆகியவை வந்த பிறகுதான் குழாயை மாற்றினால் என்ன ஆகிறது என்பதை எண்ணால் சொல்ல முடிந்தது. புகைக்குழாய் வரலாற்றில் எந்தக் கண்டுபிடிப்பையும்விட இந்த நேரச்சீட்டைத்தான் நான் முதலில் வைப்பேன்.

டெட்ராய்ட் பொறியாளர்களின் பழைய பிளிமத்

அலைகளைப் பற்றிய அறிவு புதிதல்ல. 1930களிலேயே கடனசி என்பவர் புகை வெளியேறும் உந்துதலைப் பயன்படுத்துவது குறித்துக் காப்புரிமைகள் பெற்றிருந்தார். பிரிட்டிஷ் பந்தய மோட்டார் சைக்கிள்களில் புனல்போல் விரியும் மெகாஃபோன் குழாய்கள் பொருத்தப்பட்டன. ஆனால் டிராக் களத்துக்கு அந்த அறிவைத் திட்டமிட்டுக் கொண்டுவந்தவர்கள் என்று பெரும்பாலும் சுட்டப்படுபவர்கள் ‘ராம்சார்ஜர்ஸ்’ குழுவினர். இவர்கள் கிரைஸ்லர் நிறுவனத்தில் வேலை செய்த இளம் பொறியாளர்கள். வேலை நேரத்துக்குப் பின் சொந்தக் காசில் 1949-ஆம் ஆண்டு பிளிமத் கார் ஒன்றைப் பந்தயத்துக்கு மாற்றி, ‘ஹை அண்ட் மைட்டி’ என்று பெயரிட்டார்கள். ஹெமி இன்ஜினுக்கு மேலே ஆள் உயரத்துக்குக் காற்றுக் குழாய்கள். பக்கவாட்டில் நான்கு நான்காகச் சேர்ந்து எக்காளம்போல் விரியும் புகைக்குழாய்கள். 1959-ல் டெட்ராய்ட் தேசியப் போட்டிக்கு அந்தக் கார் வந்தபோது அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர். அதன் அலங்கோலத்துக்குக் காரணம் இருந்தது: ஒவ்வொரு குழாயின் நீளமும் கணக்குப் போட்டு வைத்த நீளம்.

அந்தக் கணக்கு தொழிற்சாலைக்கும் போனது. 1962-ல் வந்த 413 கன அங்குல ‘மேக்ஸ் வெட்ஜ்’ இன்ஜினில் மேல்நோக்கி வளைந்த வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் குழாய்களும், பந்தயத்தின்போது சைலன்சரைத் தவிர்த்துப் புகையைத் திறந்துவிடும் வாய்களும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டன.

கடையில் கிடைத்த ஹெடர்

1954-ல் தொடங்கிய ஹெட்மன் நிறுவனத்தைத் தொடர்ந்து டக் தோர்லி, கேரி ஹூக்கர், பென்சில்வேனியாவின் ஜெர் ஸ்டால் எனப் பந்தய வீரர்களே ஹெடர் வியாபாரிகள் ஆனார்கள். வாரம் முழுக்க வெல்டிங் செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அதையே பூட்டி ஓட்டுவது சிறந்த விளம்பரமாக இருந்தது. இருந்தாலும் அட்டைப்பெட்டியில் வரும் ஹெடரின் கலெக்டர் பெரும்பாலும் காரின் அடியில் இடிக்காமலிருக்கும் நீளத்தில்தான் இருக்கும். ஸ்டியரிங் கம்பிக்கும் கிளச் கம்பிக்கும் வழிவிட்டு வளைந்த குழாய்க்குச் சரியான நீளத்தையும் எதிர்பார்ப்பது பேராசை. எனவே பந்தயக்காரர்கள் கலெக்டரின் முனையில் நீட்டிப்புக் குழாய் ஒன்றைப் பூட்டிக்கொண்டார்கள்.

அந்த நீட்டிப்பைச் சரிசெய்த முறை சுவையானது. வேண்டியதைவிட நீளமான குழாயை மாட்டி, அதன்மேல் நீளவாக்கில் மலிவான பெயின்டால் ஒரு கோடு இழுப்பார்கள். முழு வேகத்தில் ஓர் ஓட்டம் ஓடி, உடனே இன்ஜினை அணைத்துவிட்டு வந்து பார்ப்பார்கள். பெயின்ட் எதுவரை கருகியிருக்கிறதோ அங்கே வெட்டு. இதை இன்றும் சிலர் வேதவாக்காகச் சொல்கிறார்கள். உண்மையில் அந்தக் கோடு காட்டுவது குழாயின் வெப்பத்தை மட்டுமே. அலை எங்கே திரும்பினால் நல்லது என்பதை அது நேரடியாகச் சொல்லாது. வெட்டத் தொடங்க ஓர் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். கவனமுள்ளவர்கள் இரண்டு அங்குலம் வெட்டி, ஓடிப் பார்த்து, நேரச்சீட்டைக் குறித்துவைத்து, மறுபடி வெட்டினார்கள். அதிகமாக வெட்டிவிட்டால் திரும்ப ஒட்டவைக்க வேண்டும். அதனால் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களைச் செய்து, நீட்டியும் சுருக்கியும் பார்த்தவர்களும் உண்டு.

எந்த நீளம் சரி என்பது கியர் பெட்டியைப் பொறுத்தது. அக்காலத்தில் பரவலாக இருந்த நெருக்க விகித நான்கு கியர் பெட்டியில் விகிதங்கள் 2.20, 1.64, 1.28, 1.00. நிமிடத்துக்கு 7000 சுற்றில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினால் இன்ஜின் சுமார் 5200-க்கு இறங்கும். அடுத்த மாற்றங்களில் 5450-க்கு அருகே இறங்கும். ஆக, ஓட்டத்தின் பெரும்பகுதி 5200-க்கும் 7000-க்கும் இடையில்தான். 7000-ல் மட்டும் பாய்ந்து 5200-ல் சோர்ந்துபோகும் குழாய், டைனோ சோதனையில் பெரிய எண்ணைக் காட்டி, களத்தில் தோற்கும். நீண்ட கலெக்டர் கீழ்ச்சுற்றில் இழுவையைத் தாங்கும். குட்டையானது மேல்சுற்றுக்கு உதவும். முதன்மைக் குழாயால் உச்சியையும் கலெக்டரால் அதற்குக் கீழுள்ள பள்ளத்தையும் சரிசெய்வது என்பது அனுபவஸ்தர்களின் வழக்கமாயிற்று.

வி-8 இன்ஜினின் பிடிவாதம்

இன்னொரு தொல்லை உண்டு. செவ்ரோலே வி-8 இன்ஜினில் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. இடப்பக்கத்தில் இருப்பவை 1, 3, 5, 7. இவற்றில் 5-ஆவது எரிந்து 90 பாகையிலேயே 7-ஆவது எரிகிறது; 1-க்கும் 3-க்கும் இடையிலோ 270 பாகை. கலெக்டருக்குள் புகை சீராக வராமல், இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாசலில் இடித்துக்கொள்வதுபோல் வருகிறது. இதற்குத் தீர்வாக வந்தவற்றில் ஒன்று ‘டிரை-ஒய்’ ஹெடர்: 1-ஐ 5-உடனும் 3-ஐ 7-உடனும் முதலில் இணைத்து, அந்த இரண்டையும் பிறகு ஒன்றாக்குவது. 1965 ஷெல்பி ஜி.டி.350 காரில் இந்த வகை இருந்தது. இடப்பக்க, வலப்பக்கக் குழாய்களைக் குறுக்கே பின்னிச் சீரான இடைவெளி பெறுவது மற்றொன்று. ஃபோர்டு ஜி.டி.40 காரின் பின்புறத்தில் பாம்புக் கூட்டம்போல் தெரிந்தவை அந்தக் குழாய்களே. டிராக் காரில், இன்ஜின் முன்புறம் இருப்பதால், அந்தப் பின்னலுக்கு இடம் கிடைப்பது அரிது.

1970-ல் என்.எச்.ஆர்.ஏ. தொடங்கிய புரோ ஸ்டாக் பிரிவில் இந்தக் கலை உச்சத்தை எட்டியது. அதன் முதல் போட்டியை வென்றவர் ‘கிரம்பி’ என்று அழைக்கப்பட்ட பில் ஜென்கின்ஸ். சூப்பர்சார்ஜர் கூடாது என்பதால் காற்றை உள்ளே இழுக்கும் உதவியைக் குழாய்களிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. பழைய கலெக்டரில் நான்கு வட்டக் குழாய்கள் சேருமிடத்தின் நடுவே ஒரு வெற்றிடம் இருக்கும். அதைக் கூம்பு வடிவத் தகட்டால் அடைத்தார்கள். அதற்கடுத்த படி, குழாய்களைச் சாய்வாக வெட்டி ஒன்றோடொன்று இழைத்து, ஒரு குறுகிய கழுத்துக்குள் கொண்டுபோய், பிறகு மெல்ல விரியவிடும் ‘மெர்ஜ்’ கலெக்டர். கழுத்தின் விட்டம்தான் இப்போது சரிபார்க்கும் இடம்.

சூப்பர்சார்ஜரும் நைட்ரோமீத்தேனும் உள்ள டாப் ஃபியூயல் கார்களில் கலெக்டரே இல்லை. காற்றை வலிந்து திணிக்கும் இன்ஜினுக்கு உறிஞ்சும் அலையின் தயவு பெரிதாகத் தேவையில்லை. 1960களில் வந்த ‘ஜூமி’ குழாய்கள் சிலிண்டருக்கு ஒன்றாக மேல்நோக்கிப் பின்னால் சாய்ந்து நிற்கும். வெளியேறும் புகையின் எதிர்விசை காரைத் தரையோடு அழுத்தும்.

சத்தத்தின் விலை

திறந்த கலெக்டர் என்றால் சைலன்சர் இல்லை என்று பொருள். ஓடுதளங்களைச் சுற்றி வீடுகள் வந்தபோது வழக்குகளும் புகார்களும் வந்தன. லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தை அடுத்து 1955-ல் திறக்கப்பட்டுப் புகழ்பெற்ற லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப் 1972 டிசம்பரில் மூடப்பட்டதற்கு அக்கம்பக்கத்தாரின் சத்தப் புகார்கள் முக்கியக் காரணம். பந்தயக்காரர்கள் இதை அநியாயம் என்றார்கள். வாரந்தோறும் இரவில் தூக்கம் கெட்டவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது.

சத்தக் கட்டுப்பாடுள்ள களங்களில் இன்று கலெக்டரின் முனையில் சைலன்சர் பூட்டி ஓட்டுகிறார்கள். முதலில் இதைச் சக்தி இழப்பாகவே கருதினார்கள். ஆனால் போதிய கொள்ளளவுள்ள சைலன்சரின் வாயில், அலைக்குத் திறந்த வெளியைப் போலவே தோன்றுகிறது. எனவே முன்பு கலெக்டரை எங்கே வெட்டினார்களோ, அதே இடத்தில் சைலன்சர் தொடங்கும்படி வைத்தால் அலை பழைய நேரத்துக்கே திரும்பி வருகிறது. இரண்டு அங்குலம் முன்னே, இரண்டு அங்குலம் பின்னே என்று நகர்த்தி நேரச்சீட்டைப் பார்க்கும் வேலை மட்டும் மாறவில்லை.