தேசிய ஆழ்தட்டு பீட்சா நாள்

தேசிய ஆழ்தட்டு பீட்சா நாள் என்பது ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏப்ரல் 5 அன்று கொண்டாடப்படும் ஓர் உணவு நாள் ஆகும். சிகாகோ நகரில் தோன்றி, டீப் டிஷ் பீட்சா என்று பரவலாக அறியப்படும் தடித்த பீட்சா வகையைச் சிறப்பிக்கும் நாளாக இது அமைந்துள்ளது. இது அரசு விடுமுறை நாள் அன்று. அமெரிக்க நாட்காட்டிகளில் காணப்படும் ஏராளமான உணவு நாள்களைப் போலவே, உணவகங்கள், ஊடகங்கள், உணவு ஆர்வலர்கள் ஆகியோரின் வழக்கத்தினால் இது நிலைபெற்றது. பொதுவான பீட்சா நாள் பிப்ரவரி 9 அன்றும், பீட்சா மாதம் அக்டோபரிலும் கடைப்பிடிக்கப்படுகின்றன.

உணவின் தன்மை

இவ்வகை பீட்சா, கேக் செய்யப் பயன்படுவது போன்ற உயரமான விளிம்புடைய வட்ட எஃகுத் தட்டில் செய்யப்படுகிறது. எண்ணெயோ வெண்ணெயோ தடவிய தட்டில், பிசைந்த கோதுமை மாவு அடியிலும் விளிம்பைச் சுற்றி மேல்நோக்கியும் அழுத்திப் பரப்பப்படும். மாவில் மக்காச்சோள எண்ணெய் சேர்ப்பதும் உண்டு. இதனால் விளிம்பு பிஸ்கட்டைப் போல மொறுமொறுப்பாக அமைகிறது. பெயரைக் கொண்டு பலர் எண்ணுவது போல மாவு மிகத் தடிமனாக இருப்பதில்லை. உயரம் பெரும்பாலும் உள்ளே நிரப்பப்படும் பொருள்களால் வருவது.

நிரப்பும் வரிசை வழக்கமான பீட்சாவுக்கு நேர்மாறானது. மொசரெல்லா பாலாடைக்கட்டித் துண்டுகள் நேரடியாக மாவின் மேல் அடுக்கப்படும். அதன் மேல் பன்றி இறைச்சிச் சாசேஜ் அல்லது காய்கறிகள் இடப்படும். நசுக்கிய தக்காளி எல்லாவற்றுக்கும் மேலே ஊற்றப்படும். இதற்குத் தெளிவான காரணம் உண்டு. தட்டு ஆழமாக இருப்பதால் பீட்சா வேக ஏறத்தாழ 30 முதல் 45 நிமிடங்கள் ஆகும். பாலாடைக்கட்டி மேலே இருந்தால் அதற்குள் கருகிவிடும். ஈரப்பதம் மிக்க தக்காளி அதைக் காக்கிறது. வெந்த பீட்சாவைக் கையில் எடுத்து உண்பது கடினம் என்பதால் கத்தியும் முள்கரண்டியும் பயன்படுத்துவர்.

நிரப்பிய பொருள்களின் மேல் மற்றொரு மெல்லிய மாவுப் படலத்தை மூடி, அதற்கு மேல் தக்காளி ஊற்றிச் செய்யப்படுவது 'அடைத்த பீட்சா' எனப்படும். 1970களில் சிகாகோவில் பரவிய இது தனி வகையாகும். எனினும் இரண்டையும் ஒன்றாகக் கருதும் வழக்கம் வெளியூர்களில் உள்ளது.

தோற்றமும் உரிமைக் கோரல்களும்

சிகாகோவின் ஓகையோ தெருவும் வாபாஷ் நிழற்சாலையும் சந்திக்கும் இடத்தில் 1943 இல் தொடங்கப்பட்ட உணவகமே இப்பீட்சாவின் பிறப்பிடமாகக் கருதப்படுகிறது. டெக்சாசைச் சேர்ந்த ஐக் சூவெல், உணவக உரிமையாளரான ரிக் ரிக்கார்டோ ஆகியோர் இதைத் தொடங்கினர். 1955 இல் அருகிலேயே இரண்டாவது கடை திறக்கப்பட்டபோது, முதற்கடை 'பீட்சேரியா ஊனோ' என்றும் புதியது 'பீட்சேரியா டுவே' என்றும் பெயர் பெற்றன. இத்தாலிய மொழியில் இவை ஒன்று, இரண்டு என்று பொருள்படும்.

சூவெல் முதலில் மெக்சிக்க உணவகம் திறக்கவே விரும்பினார் என்றும், அவ்வுணவைச் சுவைத்துப் பார்த்து உடல்நலம் கெட்ட ரிக்கார்டோ அதற்கு மாற்றாகப் பீட்சாவை முன்மொழிந்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. இக்கதையை உறுதியான வரலாறாகக் கொள்ள இயலாது. ஆயினும் சூவெல் பிற்காலத்தில் ஒரு மெக்சிக்க உணவகத்தையும் திறந்தார்.

ரிக்கார்டோ 1954 இலும் சூவெல் 1990 இலும் இறந்தனர். புகழ் பெரிதும் உரிமையாளர்களான இவ்விருவருக்கே சேர்ந்தது. ஆனால் செய்முறையை உருவாக்கியவர் யார் என்பது வேறு கேள்வி. அங்கு பணியாற்றிய ரூடி மல்நாட்டியே அதை உருவாக்கினார் என்று கூறுவோர் உள்ளனர். அவருடைய மகன் லூ மல்நாட்டி 1971 இல் லிங்கன்வுட்டில் தம் பெயரில் தொடங்கிய கடை பின்னர் பெரிய உணவக வலையமைப்பாக வளர்ந்தது. சிகாகோ மாநகரின் பண்பாட்டு வரலாற்றாளராக இருந்த டிம் சாமுவேல்சன், ஒருவரை மட்டும் உறுதியாகச் சுட்டுவதற்குப் போதிய ஆவணங்கள் இல்லை என்று கருதினார்.

இவ்விவாதத்தில் எளிதில் மறக்கப்படுபவர் அலிசு மே ரெட்மண்ட். ஆப்பிரிக்க அமெரிக்கரான இவர் ஊனோவின் சமையற்கூடத்தில் பணியாற்றினார். பின்னர், 1966 இல் தொடங்கப்பட்ட 'ஜீனோஸ் ஈஸ்ட்' உணவகத்துக்குச் சென்றார். அவ்வுணவகத்தின் அடையாளமான பொன்னிற மாவு அடித்தளத்துக்கு இவருடைய கைத்திறனே காரணமாகக் கூறப்படுகிறது. உணவகங்களின் பெயர்ப்பலகைகளில் உரிமையாளர்களின் பெயர்கள் நிலைத்த அளவுக்கு, மாவு பிசைந்தவர்களின் பெயர்கள் நிலைக்கவில்லை.

கொண்டாட்டம்

இந்நாளையொட்டி உணவகங்கள் விலைச் சலுகைகளை அறிவிப்பதுண்டு. இல்லங்களில் செய்து பார்ப்பவர்களும் உள்ளனர். தனித்தட்டு இல்லாதோர் கனமான வார்ப்பிரும்புச் சட்டியைப் பயன்படுத்துகின்றனர். மாவை ஊற வைக்கவும் பீட்சாவை வேகவைக்கவும் ஆகும் நேரத்தைக் கணக்கிட்டால், இது பசியோடு வந்தபின் தொடங்கக்கூடிய சமையல் அன்று. சிகாகோவை விட்டுச் சென்றவர்களுக்காக, உறைய வைத்த பீட்சாக்களை உலர்பனியுடன் பொதிந்து பிற மாநிலங்களுக்கு அனுப்பும் வணிகமும் நடைபெறுகிறது.

நியூயார்க்குடன் போட்டி

மெல்லியதாகவும் மடித்து உண்ணத்தக்கதாகவும் உள்ள நியூயார்க் பீட்சாவே உண்மையான பீட்சா என்பது அந்நகரத்தாரின் வாதம். 2013 நவம்பரில், சிகாகோவின் வில்லிஸ் கோபுரத்தை விட நியூயார்க்கின் ஒன் வேர்ல்டு டிரேட் சென்டர் உயரமானது என்று தீர்மானிக்கப்பட்டபோது இரு நகரங்களுக்கிடையே சொற்போர் எழுந்தது. அப்போது தொலைக்காட்சி நகைச்சுவையாளர் ஜான் ஸ்டுவர்ட் ஆழ்தட்டு பீட்சாவைக் கடுமையாக எள்ளி நகையாடினார். பின்னர் அதே நிகழ்ச்சியில் லூ மல்நாட்டியின் மகன் மார்க் மல்நாட்டி கொண்டுவந்த பீட்சாவை அவர் உண்டு பார்த்தார்.

சிகாகோவாசிகள் பலர் அன்றாடம் உண்பது இந்தப் பீட்சாவை அன்று. மெல்லிய, மொறுமொறுப்பான அடித்தளம் கொண்டு சிறு சதுரங்களாக வெட்டப்படும் 'டேவர்ன்' பீட்சாவே அங்கு அக்கம்பக்கக் கடைகளில் மிகுதியாக விற்பனையாகிறது. ஆழ்தட்டு பீட்சா பெரும்பாலும் விருந்தினர் வரும்போதும் சிறப்பு நாள்களிலும் வாங்கப்படுகிறது.