ஓரியூரின் விபூதிப் புதன்

ஆண்டுதோறும் தவக்காலத்தின் முதல் நாளன்று நம் நெற்றியில் சாம்பல் இடப்படுகிறது. நம் முன்னோர் அந்நாளை விபூதித் திருநாள் என்றும், அக்காலத்தைத் தபசுகாலம் என்றும் வழங்கினர். பெயர்கள் மாறின, சாம்பல் மாறவில்லை. நம் பகுதியில் இச்சாம்பலோடு ஒரு மறைசாட்சியின் இரத்தமும் கலந்திருக்கிறது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

1693-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 22-ஆம் நாள் வந்தது. அதற்கு முந்திய தேதியில் அவ்விழா வர இயலாது. எனவே அவ்வாண்டு விபூதிப் புதன் பிப்ரவரி 4 ஆயிற்று. அன்றுதான் நம் மாவட்டத்துக்குத் தெற்கே ஓரியூரில், புனித அருளானந்தர் தலை வெட்டுண்டு உயிர்நீத்தார். அவரது திருநாளும் சாம்பல் புதனும் அதன்பின் 1761-லும் 1818-லும் மட்டுமே ஒன்றாக வந்தன. இனி 2285-இல்தான் வரும்.

1647-இல் லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்து, போர்ச்சுகல் அரண்மனையில் வளர்ந்தவர் அவர். மதுரை மிஷனுக்கு வந்தபின் பண்டாரசுவாமியாகக் காவி உடுத்தி, புலால் நீக்கி, சோறும் காய்கறியும் உண்டு, ஊர் ஊராக நடந்தார். நமக்கு நாற்பது நாள் தபசு. அவருக்கோ ஆண்டு முழுவதும் தபசு. 1686-இல் மறவர் நாட்டில் பிடிபட்டு வதைக்கப்பட்டார். பின்னர் ஐரோப்பா சென்றவர், அங்கேயே தங்கிவிட வாய்ப்பிருந்தும் 1690-இல் திரும்பி வந்தார்.

அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர் நோய் நீங்கியபின் திருமுழுக்குக் கேட்டார். ஒரு மனைவியோடு மட்டுமே வாழவேண்டும் என்றார் அருளானந்தர், தேவர் இசைந்தார். விலக்கப்பட்டவருள் ஒருவர் சேதுபதி மன்னரின் உறவினர். அவர் முறையிடவே, 1693 ஜனவரி 8-இல் சுவாமி கைதானார். மனமாற்றம் வாய்ச்சொல்லோடு நிற்பதன்று என்பதற்கு இது சான்று. ஆனால், குற்றமேதும் செய்யாமலே வாழ்விழந்த அப்பெண்களின் கண்ணீரையும் நாம் மறக்கலாகாது. ஒருவர் மனந்திரும்பும்போது அதன் சுமை மற்றவர் தலையிலும் விழக்கூடும். அச்சுமையைப் பகிர்ந்துகொள்வதும் தவமே.

சாவுக்கு முன்னாள், கரியை நீரில் கரைத்து மையாக்கித் துரும்பால் அவர் மடல் எழுதினார் என்று வரலாறு கூறுகிறது. மறுநாள் உலகெங்கும் திருச்சபை சாம்பல் பூசிக்கொண்டது. 1947 ஜூன் 22-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அவர் சிந்திய இரத்தம் வீணாகவில்லை. அவருடைய சபைத் தோழரான பிரெஞ்சு நாட்டுப் புஷே அடிகளார், அந்நூற்றாண்டின் இறுதியில் நம் மாவட்டத்து ஆவூரை வேதபோதகத் தலமாக வளர்த்தார். வீரமாமுனிவரும் அங்கே பணிபுரிந்தார். பெரியநாயகி மாதா ஆலயம் 1747-இல் எழுந்தது. அங்கு நடைபெறும் பாஸ்கா, எழுத்தறியாத நம் பாட்டன் பாட்டிமாருக்கும் ஆண்டவரின் பாடுகளைக் கண்முன் நிறுத்திய ஞானோபதேசம்.

ஒருவேளைக் கூழே அரிதாயிருந்த நாளிலும் அவர்கள் ஒருசந்தியும் சுத்தபோசனமும் தவறாது காத்தனர். 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ஒழுங்குகளைத் திருத்தியமைத்தபின், சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே கட்டாய ஒருசந்தி நாட்கள். சட்டம் சுருங்கியது, தபசும் சுருங்கட்டும் என்பதற்காக அன்று. செபத்தையும் பிறரன்பையும் நாமே விரும்பி ஏற்கவேண்டும் என்பதற்காகவே.

ஒருசந்தியால் மிஞ்சும் அரிசி பசித்தவன் உலைக்குப் போகவேண்டும். பேச்சுவார்த்தையற்ற அண்டைவீட்டின் கதவை நாம் தட்டவேண்டும். ஜூபிலி கொண்டாடும் நம் பங்கு இவ்விரண்டையும் செய்யுமானால், ஓரியூர்ச் செம்மணலுக்கு நாம் பட்ட கடனில் சிறிதேனும் தீரும். புனித அருளானந்தரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.