அந்தத் தீவில் இருப்பவர்கள் எப்படி ஆலயத்திற்குப் போவார்கள்?

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 27:1-3, மத்தேயு 25:36



கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்பட்ட பவுலின் கப்பல், புறப்பட்ட மறுநாள் சீதோன் துறைமுகத்தைச் சேர்ந்தது. நூற்றுக்கு அதிபதியாகிய யூலியு, அவர் கரையிலுள்ள சிநேகிதரிடம் போய்ப் பராமரிப்புப் பெற அனுமதித்தான். அந்தச் சிநேகிதரின் பெயர்களை வேதம் கூறவில்லை. அவர்கள் செய்த உபசரிப்பை மட்டும் கூறுகிறது. மாலுமிகளுக்கான துறைமுக ஊழியம் அந்த உபசரிப்பின் தொடர்ச்சியே.

1835ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜான் ஆஷ்லி என்ற குருவானவர் தம் சிறு மகனோடு பிரிஸ்டல் கால்வாயின் கரையில் நின்றிருந்தார். தூரத்தில் தெரிந்த தீவுகளைச் சுட்டிக்காட்டி, அங்கிருப்பவர்கள் எப்படி ஆலயத்திற்குப் போவார்கள் என்று மகன் கேட்டான். தந்தையிடம் பதில் இல்லை. ஆகவே அவரே படகேறித் தீவுகளுக்குப் போனார். அங்கிருந்து பார்த்தபோது, காற்றுக்காகக் காத்து நங்கூரமிட்டிருந்த கப்பல்கள் கண்ணில் பட்டன. அவற்றிலிருந்த மாலுமிகளை விசாரிக்க எவரும் இல்லை. சிற்றாலயம் ஒன்றைத் தன்னுள் கொண்ட 'ஐரீன்' என்னும் படகில் அவர் கப்பல் கப்பலாகச் சென்றார். ஐரீன் என்றால் கிரேக்கத்தில் சமாதானம்.

அந்த முயற்சியின் வழியில் 1856இல் ஆங்கிலிக்கன் மாலுமிகள் மிஷன் உருவாயிற்று. வெளிப்படுத்தல் 14:6இல் பறந்துவரும் தூதனே அதன் சின்னம். கத்தோலிக்கத் திருச்சபையின் கடல்சார் பணி 1920இல் கிளாஸ்கோ நகரில் தொடங்கியது. இன்று சென்னையிலும் தூத்துக்குடியிலும் துறைமுகப் போதகர்கள் கப்பலேறிச் செல்கிறார்கள். வீட்டாரோடு பேச வழிசெய்வதும், சம்பளம் கிடைக்காதவனுக்காகப் பேசுவதும், துக்கச் செய்தி கேட்டவன் அருகில் அமர்வதும் அவர்கள் ஊழியம். மாலுமியின் மதத்தை அவர்கள் கேட்பதில்லை.

2013 அக்டோபரில் 'சீமேன் கார்டு ஓஹியோ' என்ற கப்பல் தூத்துக்குடிக்குக் கொண்டுவரப்பட்டது. கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் காவலர்கள் அதில் இருந்தனர். ஆயுத வழக்கில் 35 பேர் கைதாயினர். அவர்களில் 12 பேர் இந்தியர், மற்றவர்கள் எஸ்தோனியா, பிரிட்டன், உக்ரைன் நாட்டவர். 2016 ஜனவரியில் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2017 நவம்பர் 27 அன்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனைவரையும் விடுதலை செய்தது. இடைப்பட்ட அந்த நான்காண்டுகளில் மாலுமிகள் மிஷன் சிறையிலிருந்தவர்களைச் சந்தித்தது. கடல் கடந்திருந்த குடும்பங்களையும் தாங்கியது. தீர்ப்பு எப்படி வரும் என்று அறியாமலே அவர்கள் சென்றார்கள். நிரபராதியா என்று விசாரித்தபின் சிறைக்கு வாருங்கள் என்று ஆண்டவர் சொல்லவில்லையே!

கடலைக் காணாத பென்னாகரத்தில் இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நமக்குத் தெரிந்த நீர்ப்பயணம் ஒகேனக்கல் பரிசலோடு முடிந்துவிடும். ஆனால் 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கியது கப்பலிலிருந்துதானே! பெயரறியாத மாலுமிகள் பாய்விரித்ததால் அவர் நம் நாட்டை அடைந்தார். ஜூலை இரண்டாம் ஞாயிறு கடல் ஞாயிறாக அனுசரிக்கப்படுகிறது. அந்நாளில் அவர்களை நினைப்பது நம் கடன்.

நம் ஊரிலும் தீவுகள் உண்டு. ஞாயிறன்றும் பேருந்து ஓட்டுகிறவர், இரவுக் காவலுக்குப் போகிறவர், பெங்களூருவிலும் திருப்பூரிலும் கூலிவேலை செய்யும் நம் பிள்ளைகள், படுக்கையை விட்டு எழ முடியாத முதியவர். அவர்கள் ஏன் ஆலயத்திற்கு வரவில்லை என்று நாம் பலமுறை கேட்டிருக்கிறோம், நானும் கேட்டிருக்கிறேன். அந்தச் சிறுவன் அப்படிக் கேட்கவில்லை. எப்படிப் போவார்கள் என்று கேட்டான். இந்த வாரம் அவர்களில் ஒருவரிடம் நாம் போவோம்.

ஜெபம்: கடலின்மேல் நடந்த ஆண்டவரே, கரை காணாதிருப்போரைக் காத்தருளும். அவர்களிடம் போகும் கால்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.