மழை நாளில் அகப்பட்ட மீன்

தூண்டில் போடுகிறவர்கள் அதிகம் பேசமாட்டார்கள் என்று கரையில் நின்று பார்க்கிறவர்களுக்கு ஓர் எண்ணம். தண்ணீர் ஓரத்தில் அது உண்மைதான். வெறும் கூடையோடு கரையேறிய பிற்பாடு பாருங்கள்! எந்தக் காற்றுக்கு மீன் கடிக்கும், எந்த இரைக்கு எந்த மீன் மயங்கும், நேற்று நரம்பை அறுத்துக்கொண்டு போன மீன் எத்தனை கனம் என்று அபிப்பிராயங்கள் மளமளவென்று வந்து விழும். இனாமாகப் புத்திமதி வழங்குவதில் கைவைத்தியம் சொல்கிறவர்களுக்கு அடுத்தபடி தூண்டில்காரர்கள்தான்.

இந்தப் புத்திமதிகளின் மதிப்பு என்ன? ஒரே ஒரு மீனின் சரித்திரத்தை வைத்துக் கொஞ்சம் பார்க்கலாம்.

அமெரிக்காவில் லட்சக்கணக்கான பேர் தூண்டிலும் கையுமாக அலைவது ‘பாஸ்’ என்ற மீனுக்காக. நம் ஊர் ஹோட்டல்களில் ‘பாஸ்’ என்று பெயர் சூட்டிப் பரிமாறும் கொடுவா வேறு. இது நன்னீர் மீன். ஏரி, குளம், ஆற்று மடு எல்லாவற்றிலும் வாழும். இதில் பெருவாய், சிறுவாய் என்று இரண்டு முக்கிய ஜாதிகள். பெருவாய்க்கு வாய்ப் பிளவு கண்ணையும் தாண்டிப் போகும். அதைப் பார்த்தாலே அதன் குணம் தெரிந்துவிடும்.

இந்த மீனைப் பற்றி முதலில் ஏமாந்தவர் தூண்டில்காரர் அல்ல. ஒரு பெரிய பண்டிதர். 1802-ம் வருஷம் பிரெஞ்சு இயற்கை விஞ்ஞானி லாசெபேத் கைக்கு ஒரு சிறுவாய் பாஸ் வந்து சேர்ந்தது. அதன் முதுகுத் துடுப்பு சேதப்பட்டு, கடைசித் துண்டு தனியாக நின்றது. அவரோ அதைத் தனியான ஒரு குட்டித் துடுப்பு என்று எண்ணி, ‘சிறு துடுப்பு’ என்று பொருள்படும் ‘மைக்ரோப்டெரஸ்’ என்ற கிரேக்கப் பெயரை வைத்துவிட்டார். பிழை பிற்பாடு தெரிந்தது. ஆனாலும் வைத்த பெயர் வைத்ததுதான். இன்றைக்கும் சாஸ்திரத்தில் அதே பெயர்!

பண்டிதர் கதை இப்படியிருக்க, பாமரர்களின் புத்திமதியில் அனுபவம் இருந்தது. பாஸ் துரத்திப் பிடிக்கிற மீன் அல்ல, பதுங்கிப் பிடிக்கிற மீன். ஆகையால் நடு ஏரியை விட்டுவிட்டு, முழுகிக் கிடக்கும் மரத்தின் பக்கத்திலும் பாசி ஓரத்திலும் தூண்டிலை வீசு என்பார்கள். உச்சி வெயிலில் வீட்டில் தூங்கு; விடியலிலும் அந்தியிலும் வா என்பார்கள். வசந்தத்தில் நீர் வெதுவெதுப்பானதும் பாஸ் ஆழமில்லாத இடத்துக்கு வந்து கூடு தோண்டும். முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆண் மீன்தான் காவல். அந்தக் காவல்காரத் தகப்பன் எதைக் கண்டாலும் சீறிக் கடிக்கும். அதைப் பிடிப்பது சுலபம். பிடிக்கலாமா என்பதில்தான் இன்றுவரை சண்டை. உயிருள்ள இரையா, பொய் இரையா என்பது இன்னொரு சண்டை. 1949-ல் ஒஹையோ மாகாணத்தில் நிக் கிரீம் என்பவர் ரப்பர் போலத் துவளும் பிளாஸ்டிக் மண்புழு செய்தார். அது வந்தபின் அந்தச் சண்டை இன்னும் பலத்தது.

இவ்வளவு யோசனைகளையும் கேட்டு நடந்தவர்களுக்குத்தானே பெரிய மீன் கிடைத்திருக்க வேண்டும்? நடந்தது வேறு.

1932-ம் வருஷம் ஜூன் மாதம் 2-ந் தேதி. அமெரிக்காவில் பணமுடை தலைவிரித்தாடிய காலம். ஜார்ஜியா மாகாணத்தில் ஜார்ஜ் பெரி என்ற இளம் விவசாயி இருந்தார். தகப்பனார் காலமாகிவிட்டார், குடும்பப் பாரம் இவர் தலையில். அன்று மழை பெய்து வயலில் இறங்க முடியவில்லை. சரி, மீனாவது பிடிக்கலாம் என்று ஒரு நண்பரோடு மாண்ட்கோமரி ஏரிக்குப் போனார். இருவருக்கும் சேர்த்து ஒரே தூண்டில். ஒரே பொய் இரை.

அகப்பட்ட பெருவாய் பாஸின் எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ், ஏறக்குறைய 10 கிலோ. பக்கத்து ஊருக்கு எடுத்துப்போய்த் தராசில் நிறுத்தார்கள். ‘ஃபீல்ட் அண்ட் ஸ்ட்ரீம்’ பத்திரிகைப் போட்டிக்கு விவரம் அனுப்பியதில் 75 டாலர் பெறுமான சாமான்கள் பரிசு. மீன் என்ன ஆயிற்று? கண்ணாடிப் பெட்டிக்குப் போகவில்லை, அடுப்புக்குப் போயிற்று. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டார்கள். பசியுள்ள வீட்டில் வேறென்ன செய்வார்கள்?

முப்பத்தைந்து வருஷம் கழித்து இன்னொரு மழை நாள். 1967 மார்ச்சில் ரே ஸ்காட் என்ற அலபாமா இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு மீன் பிடிக்கப் போன இடத்தில், மழையினால் ஹோட்டல் அறையில் அடைபட்டுக் கிடந்தார். டெலிவிஷனில் கூடைப்பந்தாட்டம் ஓடிற்று. பந்துக்கு இத்தனை கூட்டம் என்றால் மீன்பிடிப்புக்கு ஏன் இருக்காது என்று தோன்றிற்று அவருக்கு. அதே ஜூனில் ஆர்க்கன்ஸா மாகாணத்துப் பீவர் ஏரியில் 106 பேரைச் சேர்த்துப் பந்தயம் நடத்தினார். அடுத்த வருஷம் ஒரு சங்கமும் ஏற்படுத்தினார். பந்தயம் பெருகவே, ஏரிகளில் மீன் மிஞ்சுமா என்ற கவலை வந்தது. 1972-ல் அவர் ஒரு புதிய தர்மத்தைப் பிரசாரம் செய்தார்: பிடித்த மீனைக் கொல்லாதே, நிறுத்துவிட்டு உயிரோடு தண்ணீரில் விடு.

பெரி சமைத்துச் சாப்பிட்டது அவருக்கு நியாயம்; ஸ்காட் விடச் சொன்னது அவருக்கு நியாயம். இதோடு கதை முடிந்திருந்தால் காலம் மாறிற்று, தர்மமும் மாறிற்று என்று சொல்லிவிடலாம். ஆனால் மீன் கடல் கடந்துவிட்டது.

1925-ல் ஆகாபோஷி என்ற ஜப்பானியத் தொழிலதிபர் அமெரிக்காவிலிருந்து பாஸ் கொண்டுபோய் ஆஷி ஏரியில் விட்டார். 1974-ல் அது ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பிவாவிலும் தென்பட்டது. அங்கே அதற்கு முன்பே புளூகில் என்ற இன்னொரு அமெரிக்க மீன் குடியேறியிருந்தது. 1960-ல் பட்டத்து இளவரசர் அகிஹிடோ அமெரிக்கா போயிருந்தபோது, சிகாகோ மேயர் அன்பளிப்பாகக் கொடுத்த மீன் அது. இளவரசர் மீன் சாஸ்திரம் படித்தவர். உணவுக்கு உதவுமே என்று ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொடுத்தார். அங்கிருந்து அது ஏரிகளில் பரவிற்று. பாஸும் புளூகில்லும் சேர்ந்து உள்ளூர் மீன்களின் குஞ்சையும் முட்டையையும் தின்று தீர்த்தன. உப்பிட்டுச் சோற்றில் மாதக்கணக்காக ஊறவைத்து, ‘ஃபூனாஸூஷி’ என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வந்த கெண்டை இனம் அருகிப்போயிற்று. வலைக்காரர் பிழைப்பும் அதோடு தேய்ந்தது. 2007-ல், அப்போது சக்கரவர்த்தியாக இருந்த அகிஹிடோ, பிவா ஏரி இருக்கும் ஷிகா மாநிலத்துக்கே வந்து, தாம் கொண்டுவந்த மீனால் நேர்ந்ததற்கு மனம் வருந்துவதாகச் சபையில் சொன்னார். அரியாசனத்திலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருவது சாமானியமா?

ஷிகாவில் 2003 முதல் ஒரு விதி: பிடித்த பாஸைத் திரும்பத் தண்ணீரில் விடக்கூடாது. போடுவதற்குக் கரையில் பெட்டிகளே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் எது புண்ணியமோ அது இங்கே குற்றம்!

அந்தப் பிவா ஏரியில்தான் 2009-ம் வருஷம் ஜூலை 2-ந் தேதி குரிட்டா என்ற ஜப்பானியர் 22 பவுண்டு 5 அவுன்ஸுக்கு ஒரு மயிரிழை குறைவான பாஸைப் பிடித்தார். பழைய எடையைவிட 2 அவுன்ஸாவது கூடினால்தான் புது சாதனை என்பது சர்வதேசச் சங்கத்தின் விதி. ஆகவே 77 வருஷத்துக்கு முந்திய பெரியும் அவரும் சமம் என்று தீர்ப்பாயிற்று. குரிட்டா தூண்டிலில் குத்தியிருந்த இரை என்ன தெரியுமா? உயிருள்ள புளூகில்.

தூண்டில்காரர்கள் சொல்வதெல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. விடியலில் போ, பாசி ஓரம் வீசு என்பவை அனுபவ வார்த்தைகள்தான். மீனை எப்படிப் பிடிப்பது என்ற யோசனை ஜார்ஜியாவிலும் ஜப்பானிலும் ஒன்றாகவே செல்லும். பிடித்த மீனை என்ன செய்வது என்பதில்தான் அந்தந்தத் தண்ணீரையும் அந்தந்த வீட்டு அடுப்பையும் கேட்க வேண்டியிருக்கிறது. நம் நாட்டுக்கு 1952-ல் வந்து இன்று எந்தக் குளத்திலும் துள்ளுகிற ஜிலேபிக் கெண்டையைப் பற்றியும் கரையில் இரண்டு அபிப்பிராயம் உண்டு. ஏழைக்கு மலிவான மீன் என்பார் ஒருவர். நாட்டு மீனை ஒழித்துவிட்டது என்பார் மற்றொருவர். அடுத்த தடவை அந்தப் பேச்சு காதில் விழுந்தால், சொல்கிறவர் எந்தக் குளத்துக்காரர் என்று கேட்டுவிட்டுப் பிறகு தலையாட்டுங்கள்.