செங்கல்பட்டு உறுப்பினர் ஓ. வி. அழகேசன்

சென்னையிலிருந்து பொத்தேரி வழியாகச் செங்கல்பட்டுக்குச் செல்லும் இருப்புப்பாதை, செங்கல்பட்டு மக்களவைத் தொகுதியின் முதல் உறுப்பினரான ஓ. வி. அழகேசனின் (1911–1992) பொதுவாழ்வோடு பிரிக்க முடியாதபடி பிணைந்தது. அரசியல் நிர்ணய சபையில், அதாவது இந்திய அரசியலமைப்பை வகுத்த அவையில், இடம்பெற்றிருந்த அவர், முதல் பொதுத்தேர்தலில் காங்கிரஸ் சார்பில் வென்று, லால் பகதூர் சாஸ்திரியின் கீழ் ரயில்வே துணை அமைச்சராகப் பணியாற்றினார்.

சென்னையிலிருந்து இதே பாதையில் தெற்கு நோக்கிச் சென்ற தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், 1956 நவம்பர் 23 விடியற்காலையில், அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில், வெள்ளம் கரையை அரித்துச் சென்றிருந்த இடத்தில் கவிழ்ந்தது; இஞ்சினும் பெட்டிகளும் ஆற்றில் விழ, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பொறுப்பேற்றுப் பதவி விலகிய சாஸ்திரியின் மதிப்பு நாடெங்கும் உயர்ந்தது. தமிழ்நாட்டு மேடைகளிலோ, ஆண்டதையும் மாண்டதையும் எதுகையாக்கிய தி.மு.க. முழக்கம் துணை அமைச்சரின் பெயரையே ஊர் ஊராகக் கொண்டுசென்றது. துறையின் தலைமைப் பொறுப்பில் இல்லாத ஒருவர் மீது விபத்தின் பழி முழுவதையும் சுமத்தியது நியாயமன்று. 1957இல் தொகுதி அழகேசனுக்குப் பதிலாக ஏ. கிருஷ்ணசாமியைத் தேர்ந்தெடுத்தது.

1962இல் செங்கல்பட்டு அழகேசனை மீண்டும் மக்களவைக்கு அனுப்பியது. மூன்று ஆண்டுகள் கழித்து, இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழ்நாடு கொந்தளித்தபோது, பெட்ரோலியத் துறையின் இராஜாங்க அமைச்சராக, அதாவது காபினெட் அமைச்சருக்கு அடுத்த நிலையில், இருந்த அவர், உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியத்துடன் சேர்ந்து பிப்ரவரி 11 அன்று பதவி விலகல் கடிதம் கொடுத்தார். குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் இருவரின் விலகலையும் ஏற்க இணங்கவில்லை. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்ற நேருவின் உறுதிமொழி காக்கப்படும் எனப் பிரதமர் சாஸ்திரி அன்றிரவே வானொலியில் அறிவித்தார். கட்சியின் மொழிக் கொள்கைக்கும் தம் மக்களின் உணர்வுக்கும் இடையே மக்களின் பக்கம் நின்ற அந்தக் கடிதமே, அவர் வகித்த பதவிகள் அனைத்தையும்விடப் பெரியது.

வாக்காளர்கள் அதைக் கணக்கில் கொள்ளவில்லை. 1967இல் தொகுதி தி.மு.க.வின் சி. சிட்டிபாபுவிடம் சென்றது; எத்தியோப்பியாவுக்கான இந்தியத் தூதராகச் சென்று திரும்பிய அழகேசன், 1971இல் திருத்தணியிலிருந்தும் 1977இல் அரக்கோணத்திலிருந்தும் வென்றார். செங்கல்பட்டு என்ற மக்களவைத் தொகுதியோ 2008 மறுசீரமைப்பில் மறைந்தது. பொத்தேரி மக்கள் இன்று காஞ்சிபுரம் தொகுதியில் வாக்களிக்கின்றனர்.