பொற்கிண்ணத்துப் பால்: பாற்சுரப்புப் பற்றிய தமிழ் மரபும் ரொறன்ரோ அனுபவமும்

சீகாழிக் குளக்கரையில் அழுத குழந்தைக்கு உமையம்மை பாலளித்த வரலாறு யாவரும் அறிந்தது. அதில் ஒரு நுட்பம் உண்டு. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் அம்மை குழந்தையை மார்போடணைத்து ஊட்டவில்லை. பாலைப் பொற்கிண்ணத்திற் கறந்தே ஊட்டுகிறார். அக்கிண்ணத்தைப் பற்றிய குறிப்புச் சம்பந்தர் தேவாரத்திலேயே காணப்படுகிறது. பம்பும் போத்தலுமாக வேலைக்குச் செல்லும் பிறம்ரன் தாயொருத்தியை மூத்தோர் சிலர் குறைவாக நோக்கும்போது, இக்கிண்ணத்தை அவர்களுக்கு நினைவூட்டத் தோன்றுகிறது.

பால் பெருகுவதற்கு யாழ்ப்பாண மரபு உணவையே நம்பியது. பிள்ளைபெற்றவளுக்குச் சரக்குக்கறி, உள்ளி, முருங்கையிலை, சுறா வறை எனப் பத்தியம் வகுக்கப்பட்டது. துடக்குக் கழியும் 31ஆம் நாள்வரை தாய் வீட்டைவிட்டு வெளியேறுவதில்லை. குழந்தை அருகிலேயே கிடந்தது, அழுதபோதெல்லாம் குடித்தது. மார்பிலிருந்து பால் வெளியேற வெளியேறவே புதிதாகச் சுரக்கும், தேங்கினால் சுரப்புக் குறையும் என்பது உடலியல். இதனை எவரும் தனியே கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டின் ஒழுங்கே அதனை நிறைவேற்றிற்று. பெருமை மட்டும் சுறாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

1983 வன்செயலின் பின் கனடா வந்த தாய்மார் இவ்வொழுங்கை இழந்தனர். 1971இல் ஏற்பட்ட சட்டப்படி மகப்பேற்றுக்கு வேலையின்மைக் காப்புறுதிப் பணம் கிடைத்தது 15 வாரங்களுக்கு மட்டுமே. அதுவும் முன்னர் போதிய காலம் வேலை செய்தவர்க்கே. 1990இல் பெற்றோருக்கென 10 வாரங்கள் சேர்ந்தன. அது 35 வாரங்களாக உயர்ந்தது 2000 டிசம்பர் 31ஆம் நாளிலோ அதற்குப் பின்னரோ பிறந்த குழந்தைகளுக்கே. இடைப்பட்ட காலத்தில் தொழிற்சாலை முறைவேலைக்குத் திரும்பிய தாய்க்கு, எட்டு மணிநேரம் பாலைக் கறக்க நேரமோ தனியிடமோ வாய்ப்பது அரிது. பால் வற்றியது. பழியோ அவளது உடலின்மீதும் பத்தியக் குறைவின்மீதும் விழுந்தது. ஊரிலிருந்து சரக்குத்தூள் வந்தது. குழந்தையோடு கிடக்கும் நாட்கள் வரவில்லை. "பாலில்லாதவள்" என்ற சொல்லை இத்தாய்மாரின் வரலாற்றிலிருந்து நீக்கி, அவ்விடத்தில் விடுப்புச் சட்டத்தை எழுதுவதே முறை என்பது என் கருத்து.

பிறர் பாலைத் தம் குழந்தைக்கு ஏற்பதில் நம்மவரிடையே தயக்கம் காணப்படுகிறது. ஆயினும் சம்பந்தர் அருந்தியது பெற்ற தாயின் பாலன்று. தமிழ் இலக்கியம் கூறும் ஐவகைச் செவிலியருள் ஊட்டும் தாயும் ஒருத்தி. ஒன்ராறியோவுக்கும் இது புதிதன்று. 1934 மே 28இல் கலண்டர் ஊரருகே குறைமாதத்தில் பிறந்த டியோன் ஐங்குழந்தைகளின் மொத்த எடை ஏறத்தாழ 6 கிலோகிராம். அவர்களுக்கென ரொறன்ரோவிலிருந்து தாய்ப்பால் தொடருந்தில் அனுப்பப்பட்டது. கனடாவில் ஒருகாலத்தில் இயங்கிய 23 தாய்ப்பால் வங்கிகள், எச்.ஐ.வி. அச்சத்தால் 1980களில் வன்கூவர் ஒன்று நீங்கலாக மூடப்பட்டன. ரொறன்ரோ மவுண்ட் சினாய் மருத்துவமனையில் 2013இல் மீண்டும் ஒரு வங்கி திறக்கப்பட்டது. பால் வழங்க முன்வரும் தாயின் குருதி சோதிக்கப்படுகிறது. வீட்டில் பம்பினால் எடுத்து உறையவைத்த பால் அங்கே 62.5 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டு, மாகாண மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் உள்ள எடை மிகக் குறைந்த சிசுக்களுக்கு அனுப்பப்படுகிறது.